மூன்றாம் முறையும் நீட் எழுதுவதா? ஒரு தந்தைக்கு எழுதிய கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற சனிக்கிழமை தாங்களும் தங்கள் துணைவியாரும் மகளை அழைத்து வந்திருந்தபோது நேரமின்மையால் சொல்லாமல் விட்டவற்றை இக்கடிதத்தில் எழுதுகிறேன். மகள் மூன்றாம் முறையாக நீட் தேர்வுக்குப் பயிற்சி பெறுவதா, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு அவர் விரும்பும் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பதா என்பது தங்கள் கேள்வி. அதற்கு விடை காணும் முன், அந்தக் கேள்வியை நாம் எந்த மனநிலையில் பார்க்கிறோம் என்பதைப் பேச விரும்புகிறேன்.

இரண்டு ஆண்டு மதிப்பெண்களையும் பாடவாரியாகக் குறித்த தாளைத் தாங்கள் என் மேசையில் விரித்து, "போன முறை 421, இந்த முறை 438, இன்னும் ஒரு 60 ஏறினால் போதும்" என்றீர்கள். மகள் அதே தாளைத் தன் பக்கம் திருப்பி, இயற்பியல் என்று எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். கூடிய 17 மதிப்பெண்ணும் உயிரியலில் வந்தவை. இயற்பியல் மதிப்பெண் இரண்டு ஆண்டும் ஒன்றே. ஒரே தாளில் தங்கள் கண்ணுக்கு ஏற்றமும் அவர் கண்ணுக்குத் தேக்கமும் தெரிந்தன.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் எமிலி பால்செட்டிஸ், டேவிட் டன்னிங் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். திரையில் எழுத்து தோன்றினால் ஆரஞ்சுச் சாறு, எண் தோன்றினால் நாற்றமடிக்கும் பச்சைப் பானம் என்று மாணவர்கள் சிலருக்கும், அதையே மாற்றி வேறு சிலருக்கும் சொல்லிவிட்டு, ஆங்கில 'பி' எழுத்தாகவும் 13 என்ற எண்ணாகவும் படிக்கத்தக்க ஓர் உருவத்தைக் கணநேரம் காட்டி மறைத்தனர். பெரும்பாலோர் தமக்குச் சாறு கிடைக்கும் வகையிலேயே அதைப் படித்தனர். ஆசை, முடிவெடுக்கும் நேரத்துக்கு முன்பே, பார்வையிலேயே கலந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அந்த 60 மதிப்பெண்ணை ஆசை கலக்காமல் எண்ணிப் பார்ப்போம். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று குறைவு என்பது தேர்வின் விதி. ஆகவே விடையளிக்காமல் விட்டவற்றில் 15 வினாக்களையோ, தவறாக எழுதியவற்றில் 12 வினாக்களையோ கூடுதலாகச் சரியாக எழுத வேண்டும். ஓராண்டுப் பயிற்சியில் இயற்பியல் சற்றும் அசையாத நிலையில், அந்த வினாக்கள் எந்தப் பாடத்தில், என்ன புதிய முறையால் வரும் என்பதற்குத் தங்களிடம் விடை இருந்தால், மூன்றாம் முயற்சிக்கு நானும் துணை நிற்பேன்.

தாங்கள் சொன்ன இன்னொன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஒருவர் "பாப்பா எந்தக் காலேஜ்?" என்று கேட்டதும், பந்தியில் உட்காராமலே வீடு திரும்பியதாகச் சொன்னீர்கள். கால்நடை மருத்துவம் என்றதும் "மாட்டு டாக்டரா?" என்று கேட்பார்களே என்றும் வருந்தினீர்கள். அந்த வலி உண்மையானது. அதைச் சிறியதென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தரை ஆண்டுப் படிப்பை, 1903-இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரி முதல் கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் உள்ள கல்லூரி வரை நம் மாநிலத்தில் பெயர்பெற்ற ஒரு தொழிற்கல்வியை, ஒரு பந்திக் கேள்வியின் அளவுகோலால் அளப்பது மகளுக்கு நியாயமாகாது.

"இரண்டு வருடமும் கட்டிய பணமும் வீணாகிவிடுமே" என்ற கவலையும் இப்படிப்பட்டதே. அந்த ஆண்டுகள் எந்த முடிவிலும் திரும்ப வரப்போவதில்லை. எனவே நெருங்கிய நண்பர் ஒருவர் தம் மகளின் தாளாக இதே தாளைக் கொண்டுவந்தால் தாங்கள் என்ன அறிவுரை கூறுவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர் கட்டிய பணத்தைப் பற்றித் தாங்கள் கேட்கக்கூட மாட்டீர்கள்.

கடைசியாக, தங்கள் துணைவியாரைப் பற்றி. அன்று ஒன்றேகால் மணி நேரத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனைகளில், ஏற்பாடு செய்யப்பட்ட குழுவினர் அனைவரும் ஒரே தவறான விடையைக் கூறியபோது, சோதனைக்கு வந்தவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்களைப் பின்பற்றித் தவறாக அமைந்தது. அக்குழுவில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. வீட்டிலும் அப்படித்தான்: பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே குரலில் பேசும்போது, மாற்றுக் கருத்தை ஒருவர் சொன்னால்தான் மற்றவர்களுக்கும் வாய் திறக்கிறது.

ஆகவே அடுத்த வாரம் வருவதற்கு முன், தாங்கள் மூவரும் தனித்தனித் தாளில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், மகள் எந்தப் படிப்பில் சேரலாம், ஏன் என்று எழுதி உறையில் இட்டு ஒட்டிக் கொண்டுவாருங்கள். இந்த ஆண்டு எழுதிய மாதிரித் தேர்வுகளின் இயற்பியல் மதிப்பெண்களையும் மகளிடம் தொகுத்துத் தரச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுவதால், விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பல்கலைக்கழக இணையதளத்தில் இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள். விண்ணப்பிப்பதால் நீட் வாய்ப்பு எதுவும் கைவிட்டுப் போகாது. உறைகளைப் பிரிக்கும்போது, முதலில் மகளின் அம்மா எழுதியதைப் படிப்போம்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்