மதிப்பெண் ஷீட்டில் கை வைத்தது யார்?

கேள்வி: பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண்களை ஒரே கூகுள் ஷீட்டில் ஆசிரியர்கள் எல்லோரும் ஏற்றுகிறோம். லிங்க் வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறது. கணக்கில் 78 எடுத்த மாணவிக்கு இப்போது 48 என்று இருக்கிறது. மாற்றியது யார் என்று தெரியுமா? பழையது திரும்பக் கிடைக்குமா? - ஒரு வகுப்பாசிரியை

மதிப்பெண் கிடைத்துவிடும். ஆள் கிடைப்பது சந்தேகம்தான்.

இப்போதே கணினியில் ஷீட்டைத் திறந்து 'ஷேர்' பொத்தானை அழுத்துங்கள். கீழே 'எனிஒன் வித் தி லிங்க்' என்று இருந்தால் 'ரெஸ்ட்ரிக்டட்' என மாற்றுங்கள். இதனால் பழைய பதிவு எதுவும் அழியாது. பிறகு அந்த 48-இன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' கொடுங்கள். எந்த நேரத்தில் எந்த எண் எதுவாக மாறியது என்று வரும். லாகின் செய்யாமல் லிங்க் வழியாக வந்தவர் என்றால் பெயர் இருக்காது. ஒரே ஜிமெயில் பாஸ்வேர்டை எல்லோரும் வைத்திருந்தாலும் பயனில்லை. எல்லாத் திருத்தமும் ஒரே பெயரில்தான் நிற்கும்.

யார்மீதும் பழி போடும் முன் ஒன்றைப் பாருங்கள். பக்கத்து மாணவிகளின் கணக்கு மதிப்பெண்ணும் இடம் மாறியிருக்கிறதா? அந்த 78 வேறு யார் பெயருக்கு நேராகவாவது நிற்கிறதா? அப்படியென்றால் யாரும் வேண்டுமென்றே திருத்தியிருக்க மாட்டார்கள். ஒருவர் ரேங்க் பார்க்க மதிப்பெண் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து 'சார்ட் ரேஞ்ச்' கொடுத்திருக்கலாம். அப்போது பெயர்கள் அப்படியே இருக்க, எண்கள் மட்டும் மேலும் கீழும் போய்விடும். வரிசை மாற்றிப் பார்க்க வேண்டியவர் 'டேட்டா' மெனுவில் 'ஃபில்டர் வியூ' போட்டுக்கொள்ள வேண்டும். அது மற்றவர்கள் ஷீட்டைத் தொடாது. ஷீட்டில் ஒரு வரியை (ரோ) நீக்கியதும் சேர்த்ததும், ஃபார்முலாவால் மாறிய எண்ணும் அந்தக் கட்டத்தின் எடிட் ஹிஸ்டரியில் தெரியாமல் போகலாம். அதற்கு 'ஃபைல்', 'வெர்ஷன் ஹிஸ்டரி' போய்த் தேதி வாரியாகப் பாருங்கள். 'ரிஸ்டோர்' மட்டும் அழுத்திவிடாதீர்கள். அந்தத் தேதிக்குப் பின் மற்ற பாட ஆசிரியர்கள் ஏற்றியதும் ஷீட்டிலிருந்து போய்விடும். பழைய வெர்ஷனின் மூன்று புள்ளியில் 'மேக் எ காப்பி' எடுத்து, பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து, தவறிய எண்ணை மட்டும் திருத்துங்கள். எடுத்த காப்பியில் பழைய ஹிஸ்டரி இருக்காது. அதனால் மூல ஷீட்டை அழிக்கவே கூடாது.

இனி ஒவ்வோர் ஆசிரியரையும் அவரவர் மெயில் ஐடி கொடுத்து 'எடிட்டர்' ஆக்குங்கள். ஷேர் பெட்டியின் பல்சக்கரக் குறியில் எடிட்டர்கள் பிறருக்குப் பகிரலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' வழியாகக் கணக்குப் பத்தியைக் கணக்கு ஆசிரியருக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

இந்த ஷீட் யாருடைய கூகுள் அக்கவுன்ட்டில் இருக்கிறது? பல பள்ளிகளில் கம்ப்யூட்டர் சென்டர்காரரோ சாஃப்ட்வேர் ஏஜென்டோ தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கிக் கொடுக்கிறார். பணத் தகராறு வந்த அன்று அவர் ஷீட்டை நீக்கினால் அது அவருடைய ட்ராஷில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். 'கூகுள் ஸ்கூல் அக்கவுன்ட்' என்று ஆண்டுதோறும் பணம் வாங்குபவர்களும் உண்டு. தகுதியுள்ள பள்ளிகளுக்கு கூகுள் தரும் 'வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன் ஃபண்டமென்டல்ஸ்' சேவை கட்டணமில்லாதது, டொமைனுக்குத்தான் (பள்ளியின் பெயரில் வாங்கும் இணைய முகவரி) செலவு. அட்மின் பாஸ்வேர்ட் தலைமையாசிரியரிடம் இருக்கட்டும். உரிமையாளர் வேறொருவர் என்றால், அவருடையதும் உங்களுடையதும் சாதாரண ஜிமெயில் ஆகும் பட்சத்தில், ஷேர் பெட்டியில் உங்கள் பெயருக்கு எதிரே 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் மாறும்.

'மாலை நான்கு மணிக்குள் நிரப்புக' என்று எல்லோரும் திருத்தக்கூடிய லிங்க்கை அனுப்பும் வழக்கம் மேலிருந்தே வருகிறது. ஆதார் எண்ணும் பெற்றோர் கைபேசி எண்ணும் அதிலேயே கேட்கிறார்கள். ஏற்கெனவே பள்ளிக் கல்வித்துறையின் இணையதளமான இமிஸில் ஏற்றிய விவரத்தை மறுபடி திறந்த ஷீட்டில் கேட்பது பொறுப்பற்ற வேலை. குழந்தைகளின் விவரம் இது, தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-இல் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. உங்கள் ஷீட்டிலாவது ஆதார் பத்தியை இன்றே எடுத்துவிடுங்கள். மதிப்பெண் முடிவான அன்று பிடிஎஃப் எடுத்து, அச்சிட்டு, பாட ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.