சாவி கைக்கு வந்தபின்: வீடும் வேலையும் பற்றிய கேள்வி பதில்

ஒரு சமூகத் தொண்டு அமைப்பில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். வீட்டை இழக்கும் நிலையில் உள்ள குடும்பங்களுக்கு வீட்டையும், வேலை இல்லாதவர்களுக்கு வேலையையும் தேடித் தருவதுதான் எங்கள் பணி. உதவி தேடுபவர்கள், உதவ நினைப்பவர்கள், வீட்டு உரிமையாளர்கள் எனப் பலரும் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சட்டமும் அரசு உதவிகளும் இடத்துக்கு இடம் மாறும். எங்கும் பொருந்தக்கூடியவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு மாத வாடகை பாக்கி. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போதே உங்களைப் போன்றவர்களிடம் வரலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் சமாளித்துப் பார்க்கட்டுமா?

இன்றே வாருங்கள் அம்மா. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மூட்டை முடிச்சுகளோடு தெருவுக்கு வந்தபிறகுதான் வருகிறார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் பாக்கியை அடைத்து, அதே வீட்டில் அவர்களைத் தங்கவைத்திருக்கலாம். வீடு கைவிட்டுப் போனபின் புது வீட்டுக்கு முன்பணம், சாமான் ஏற்றி இறக்கும் செலவு, பிள்ளைகளின் பள்ளி, அலைச்சலில் போகும் வேலைநாட்கள் என்று செலவு பல மடங்காகிவிடுகிறது.

இதை நான் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாடகை நெருக்கடியில் இருப்பவர்கள் தொலைபேசியில் அழைத்து உதவி கேட்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. நிதி கையிருப்பில் இருக்கும் நாளில் அழைத்தவருக்கு ஒருமுறை உதவித்தொகை கிடைக்கும். இல்லாத நாளில் அழைத்தவருக்குக் கிடைக்காது. மற்றபடி இரு தரப்பினரும் ஒரே நிலையில் இருப்பவர்கள்தான். இந்த இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. நிதி இருந்த நாளில் அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் வீடற்றோர் காப்பகத்துக்குப் போவது 76 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஒருமுறை கொடுத்த தொகை இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

வரும்போது வாடகை ஒப்பந்தம், இதுவரை வாடகை கட்டிய ரசீதுகள், காலி செய்யச் சொல்லி வந்த கடிதம், அடையாள அட்டைகள், சம்பளச் சான்று ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள். ஒருவர் தம் மகளின் பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுத்த தேதியையும் தொகையையும் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். உரிமையாளர் ஐந்து மாதப் பாக்கி என்றார். நோட்டு மூன்று மாதம் என்றது. உரிமையாளரின் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நோட்டுதான் சரியாக இருந்தது. அவரும் நேர்மையானவர், தவறை உடனே ஒப்புக்கொண்டார். மூன்று மாதப் பாக்கியைத் தவணைகளாகப் பிரித்துக்கொண்டோம்.

அதுவரை இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். வீட்டுக்காரருக்கு முகம் கொடுக்காமல் ஒளியாதீர்கள். பேச்சு நின்றுபோன இடத்தில் எங்களாலும் சமரசம் பேச முடிவதில்லை. கந்துவட்டிக்கு வாங்கி வாடகையைக் கட்டாதீர்கள். அந்தக் கடன் அடுத்த ஆண்டு வாடகையையும் விழுங்கிவிடும்.

கேள்வி: உதவி கேட்டு வரிசையில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. நன்றாக வாழ்ந்த குடும்பம் எங்களுடையது.

கூச்சப்படாதீர்கள் என்று வாயால் சொல்வது எளிது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆவது பிரிவு உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றோடு உறைவிடத்தையும் சேர்த்தே சொல்கிறது. வேலை இழப்பு, நோய், துணையை இழத்தல் ஆகிய காலங்களில் பாதுகாப்புப் பெறுவதும் அதே பிரிவில் இருக்கிறது. நீங்கள் கேட்பது பிச்சை இல்லை ஐயா. வரிசையில் நிற்க மனம் வரவில்லை என்றால் தொலைபேசியில் பேசி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தனி அறையில் உட்கார்ந்து பேசலாம். உருப்படியான எந்த அமைப்பும் இதற்கு மறுக்காது.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர். வேலையை முதலில் வாங்கிக் கொடுத்தால் வீட்டை அவர்களே தேடிக்கொள்ள மாட்டார்களா? வீட்டுக்கு இவ்வளவு செலவழிப்பது ஏன்?

நானும் சேர்ந்த புதிதில் இப்படித்தான் நினைத்தேன் தம்பி. என் எண்ணத்தை மாற்றியவர் ஒரு தந்தை. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்தார். ஒரே ஆண்டில் நான்கு வேலைகளை வாங்கிக் கொடுத்தோம், நான்கும் போயின. மனிதருக்கு உழைக்க மனமில்லை என்று எங்கள் கூட்டத்திலேயே பேச்சு எழுந்தது. ஒருநாள் மாலை ஒரு படிவத்தில் அவர் கையொப்பம் வாங்க அந்தத் தங்குமிடத்துக்குப் போனேன். வாசல் இரும்புக் கதவில் ஒரு பலகை தொங்கியது: இரவு எட்டு மணிக்குமேல் அனுமதி இல்லை. அவருக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த நான்கு வேலைகளிலும் பணிநேரம் முடிவது எட்டரைக்கும் பத்துக்கும் இடையில். வேலைக்குப் போனால் அன்றிரவு குடும்பத்தோடு இருக்க முடியாது. குடும்பத்தோடு இருக்க வேண்டுமென்றால் பாதி வேலையில் கிளம்ப வேண்டும். அவர் அதை எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த நான்கு வேலைகளும் போனதற்குப் பொறுப்பு எங்களுடையது என்றே இன்றும் நினைக்கிறேன்.

வீடு இல்லாதவருக்கு நேர்காணலுக்கு முன் குளிக்க இடம் இல்லை. பணி ஆணை வந்து சேர முகவரி இல்லை. இரவு நிம்மதியான தூக்கம் இல்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அதன் முழுப் பொருளையும் இந்த வேலையில்தான் புரிந்துகொண்டேன்.

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய அமைப்பு, மனநோயோடு தெருவில் வாழ்ந்தவர்களுக்கு, முதலில் சிகிச்சை பெற வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் வீட்டுச் சாவியைக் கொடுத்தது. சிகிச்சையும் பிற உதவிகளும் அதன்பிறகு அவரவர் விருப்பப்படி. ‘முதலில் திருந்து, பிறகு வீடு’ என்ற பழைய வழக்கத்தை அது புரட்டிப் போட்டது. 2008 முதல் பின்லாந்து இதையே நாடு தழுவிய திட்டமாக எடுத்துக்கொண்டு, வீடற்றோர் விடுதிகளை வாடகை ஒப்பந்தத்தோடு கூடிய தனிக் குடியிருப்புகளாக மாற்றத் தொடங்கியது.

அதேசமயம் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 12 இடங்களில், காப்பகங்களில் இருந்த 2,282 குடும்பங்களை வைத்து 2010இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. நீண்டகால வாடகை உதவி பெற்ற குடும்பங்கள் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் மற்றவர்களைவிட நிலையாக இருந்தன. வீட்டுக்குள் வன்முறை குறைந்தது. பிள்ளைகள் பள்ளி மாறுவதும் குறைந்தது. ஆனால் வாடகை உதவியால் வருமானம் உயரவில்லை. வேலைக்குப் போவது சற்றுக் குறையவும் செய்தது. எனவே வீடு கிடைத்தால் வேலை தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குத் தனியாக உழைக்க வேண்டும். வீட்டை முதலில் வைப்பது, அந்த உழைப்பு வீணாகாமல் இருக்கத்தான்.

கேள்வி: வேலைக்கு அனுப்புவதற்கு முன் ஆறு மாதமாவது பயிற்சி கொடுக்க வேண்டாமா?

கையில் காசில்லாத குடும்பம் ஆறு மாதம் எப்படிக் காத்திருக்கும் அம்மா? 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகிய இருவர், கடுமையான மனநோய் உள்ளவர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். நீண்ட ஆயத்தப் பயிற்சி இல்லாமல், அவர் விரும்பும் உண்மையான வேலையில் விரைவாகச் சேர்த்துவிட்டு, வேலையில் இருக்கும்போதே துணை நிற்பதுதான் அது. ஓர் ஆலோசகரிடம் இருபது பேருக்குமேல் ஒப்படைக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. பல நாடுகளில் சோதித்துப் பார்த்தபோதும் பழைய முறையைவிட இதில்தான் கூடுதலானவர்கள் வேலைக்குப் போனார்கள்.

எங்களிடம் வருபவர்களுக்கும் இது பொருந்துவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். வாகனம் ஓட்டுவது, மின்பணி போல உரிமம் தேவைப்படும் தொழில்களுக்குப் பயிற்சி வேண்டும்தான். மற்றபடி முதல் மூன்று வாரங்களைக் கவனியுங்கள். வேலையை விடுபவர்களில் மிகப் பலர் அப்போதுதான் விடுகிறார்கள். காரணமும் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். முதல் சம்பளம் வரும்வரை பஸ்ஸுக்குக் காசில்லை, போட்டுச் செல்லக் காலணி இல்லை, மேலாளர் சொன்னது புரியவில்லை, மீண்டும் கேட்கப் பயம். தினமும் மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

கேள்வி: என்னிடம் இரண்டு வீடுகள் இருக்கின்றன. உங்கள் குடும்பங்களுக்குக் கொடுக்க மனம் இருக்கிறது. வாடகை வராமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது ஐயா. அந்த வாடகையை நம்பி நீங்களும் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கலாம். எங்களைப் போன்ற அமைப்பிடம் மூன்று உறுதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகை தாமதமானால் யாரை அழைப்பது, எத்தனை மாதம்வரை அமைப்பு ஈடுகட்டும், வீட்டில் சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு. இவை தெளிவாக இருந்தால் தகராறுகளில் பெரும்பகுதி முளைக்காமலே போகும்.

இது புதிய ஏற்பாடும் இல்லை. 1865இல் லண்டனில் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி, எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தால் பாழடைந்த மூன்று வீடுகளைப் பழுதுபார்த்து ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருவாய் என்று பேச்சு. அதையும் ஈட்டிக் கொடுத்தார். வாரந்தோறும் வாடகை வாங்கப் போவதையே குடும்பங்களை நலம் விசாரிக்கும் வழியாகவும் ஆக்கிக்கொண்டார். மீதப் பணத்தை வீட்டு மேம்பாட்டுக்குச் செலவிட்டார். என்ன செய்யலாம் என்பதைக் குடியிருப்போரே சொன்னார்கள். வாடகை கட்டாதவர்களிடம் அவர் காட்டிய கண்டிப்பு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பதை நாங்களும் முதல் மூன்று மாதங்களுக்குத் தவறாமல் செய்கிறோம்.

கேள்வி: பயோடேட்டாவில் நான்கு ஆண்டு இடைவெளி இருக்கிறது. பொய் சொல்லலாமா?

வேண்டாம். ‘குடும்பப் பொறுப்பு காரணமாக இந்த ஆண்டுகளில் வேலையில் இல்லை, இப்போது சேரத் தயாராக இருக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த நான்கு ஆண்டுகளில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். அதுவும் வேலைதான்.

கேள்வி: தனியாக இரண்டு குழந்தைகளை வளர்க்கிறேன். எந்த வேலைக்குப் போனாலும் பாதியில் ஓடிவர வேண்டியிருக்கிறது.

வேலையைத் தேடுவதற்கு முன் உங்கள் ஒருநாளை மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள் சகோதரி. பள்ளி எத்தனை மணிக்கு விடும், யார் கூட்டி வருவார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரை அழைப்பீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேலையைத் தேடுவோம். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் நேரம் பொருந்துகிற வேலைதான் நிலைக்கும். பக்கத்தில் இதே நிலையில் இன்னொரு தாய் இருந்தால், பணிநேரம் மோதாதபடி ஒருவர் பிள்ளைகளை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். இப்படி இரண்டு பெண்களை அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறோம்.

கேள்வி: பழைய துணிகள் நிறைய இருக்கின்றன. கொண்டுவந்து தரலாமா?

உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. கிழியாத, துவைத்த துணி என்றால் கொடுங்கள். ஆனால் எங்கள் அறை நிறையத் துணி இருக்கிறது. முன்பணம் கட்ட நிதி இல்லை. மாதந்தோறும் ஒரு சிறு தொகையை விடாமல் அனுப்பினால், எத்தனை குடும்பங்களுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். பண வசதி இல்லையென்றால் சரக்கு வண்டி ஓட்டத் தெரிந்தவரா, கணக்கு எழுதத் தெரிந்தவரா, மனு எழுதத் தெரிந்தவரா என்று சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து இப்படி ஓர் அமைப்பைத் தொடங்க நினைக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சிறியதாகத் தொடங்குங்கள். ஐந்து குடும்பங்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது, ஐம்பது குடும்பங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பதைவிட மேல். முதல் ரூபாயிலிருந்து கணக்கு எழுதுங்கள். பணத்தைக் கையாள்பவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எந்த மதம், எந்தக் கட்சி என்று கேட்டு உதவாதீர்கள். சாவியைக் கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை நாளை பள்ளியில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

உதவி பெற்றவர்களைச் சீக்கிரமே உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1949இல் பாரிஸ் அருகே அபே பியர் என்ற பாதிரியார் எம்மாவுஸ் இயக்கத்தைத் தொடங்கியபோது, வாழ்க்கையை முடித்துக்கொள்ள முயன்ற ஒருவரைச் சந்தித்தார். அவருக்குக் கொடுக்கப் பாதிரியாரிடம் பணமில்லை. பிறருக்கு வீடு கட்ட வந்து கைகொடுக்கும்படி கேட்டார். அவர்தான் அந்த இயக்கத்தின் முதல் தோழர். எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருபவர்களை வரவேற்று உட்காரவைப்பவரும் ஒருகாலத்தில் பாக்கி நோட்டீஸோடு வந்தவர்தான். எங்களில் யாரையும்விட அவரிடம் மக்கள் மனம் திறக்கிறார்கள்.

கேள்வி: உதவி பெற்ற குடும்பம் மறுபடியும் வீட்டை இழந்தால் கைவிட்டுவிடுவீர்களா?

இல்லை. ஆனால் முதல்முறை செய்ததையே மீண்டும் செய்ய மாட்டோம்; எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து பார்ப்போம். மூன்றுமுறை பாக்கி விழுந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், குடிப்பழக்கம் இல்லை, வீண் செலவும் தெரியவில்லை. மூன்றாம்முறை வரவு செலவைத் தேதிவாரியாக எழுதச் சொன்னோம். வாடகை கட்ட வேண்டிய நாள் ஒன்றாம் தேதி. இருவருக்கும் சம்பளம் வருவது பத்தாம் தேதி. ஒவ்வொரு மாதமும் அந்தப் பத்து நாளைத் தாண்டக் கைமாற்று, கைமாற்றுக்கு வட்டி, வட்டிக்கு மறுபடி கைமாற்று. உரிமையாளரிடம் பேசி வாடகைத் தேதியைப் பன்னிரண்டுக்கு மாற்றி, ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டோம். பழைய வட்டிக் கடனை ஒருமுறை மட்டும் அடைத்தோம். அதன்பிறகு இரண்டு ஆண்டுகளாக வாடகை தவறவில்லை.