எஃப்சிசி மாதிரி பெரிய ஆக்சிலரேட்டருக்கு ஏன் பல நாடு சேரணும்?

ஆக்சிலரேட்டர்னா துகள்களை கிட்டத்தட்ட ஒளி வேகத்துல ஓடவிட்டு மோதவைக்கிற மெஷின். ஜெனீவா பக்கத்துல செர்ன்ங்கிற ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வு மையத்துல இப்ப இருக்கிற எல்எச்சிங்கிற ஆக்சிலரேட்டர் 27 கிலோமீட்டர் வளையம், அடுத்து பிளான் பண்ற எஃப்சிசி சுமார் 91 கிலோமீட்டர், முதல் கட்டத்துக்கே ஏறத்தாழ 1,500 கோடி சுவிஸ் ஃபிராங்க், ஒரே நாடு தாங்காது. காசாத்தான் தரணும்னு இல்ல, ஊர்க் கோயில் திருவிழாவுக்கு ஒருத்தர் அரிசி மூட்டை, ஒருத்தர் பந்தல், இன்னொருத்தர் சீரியல் லைட்னு ஏத்துக்கிற மாதிரி சாமானாவும் தரலாம். எல்எச்சிக்கு நம்ம இந்தியாவே, 30 டன்னுக்கு மேல இருக்கிற காந்தத்தை நூல் பிசகாம நகர்த்தி நிறுத்துற ஜாக்குகளை ஆயிரக்கணக்குல செஞ்சு குடுத்துச்சு (எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது). யாருக்கு எந்த வேலைன்னு பேசி முடிக்கவே வருஷக்கணக்காகும். 2025ல எஃப்சிசி பத்தின ரிப்போர்ட் வந்ததுமே கட்ட ஆரம்பிச்சாச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது முடியுமான்னு பார்த்த ஆய்வுதான், கட்டலாம்னு உறுப்பு நாடுகள் குடுத்த அனுமதி இல்ல.