மிளகாய் ஏன் எரிகிறது என்று படிக்கப் போகிறாளாம்

நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை, பெண்ணோ வலி எப்படி உண்டாகிறது என்பதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்டிருந்தீர்கள். படிப்புதான். 2021 மருத்துவ நோபலில் பாதி இதற்குத்தான் போனது.

அந்தப் பரிசைப் பெற்ற அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் அடையாளம் கண்ட டிஆர்பிவி1 என்ற புரதம், வலி நரம்பின் சவ்வில் இருக்கும் ஒரு வாசல். ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நிற்க, நடுவில் ஒரு துளை. சுமார் 43 டிகிரி சூடு பட்டாலோ மிளகாயின் கேப்சைசின் போய் ஒட்டினாலோ அது திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், நரம்பு சேதி அனுப்பும். இரண்டுக்கும் வாசல் ஒன்றே என்பதால்தான் காரம் நமக்குச் சூடாகத் தெரிகிறது. 2013-ல், மாதிரியை உறையவைத்து எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் இதன் வடிவத்தைக் கிட்டத்தட்ட அணு அளவில் பார்த்துவிட்டார்கள்.

இங்கேதான் அவளைக் கொஞ்சம் மிரட்ட வேண்டியிருக்கிறது. இது பயாலஜி பெயரில் நடக்கும் பிசிக்ஸ், பயோபிசிக்ஸ் என்பார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை ஒற்றைச் செல்லின் மேல் ஒட்டவைத்து, ஒரு வாசல் திறக்கும்போது ஓடும் சில பிகோ ஆம்பியர் (ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மின்சாரத்தைத் திரையில் பார்க்க வேண்டும். கோடு சட்டென்று ஒரு படி இறங்கும், மறுபடி ஏறும், அதற்காக நாள் முழுக்க உட்கார வேண்டும், மேசை லேசாக அதிர்ந்தாலே ஒட்டு விட்டுப்போகும். கணக்கென்றால் ஓடுகிற பிள்ளைக்கு இது சரிவராது.

அதனால் 'பயோடெக்' என்ற போர்டைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். முதலில் ஐசர் எனப்படும் மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு. அதில் கணக்கிலிருந்தும் கேள்வி வரும். அது அமையவில்லையா, பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி இயற்பியலோ வேதியியலோ போதும், அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகக் கிண்டி வளாகத்தில் எம்.எஸ்சி பயோபிசிக்ஸ். புரத வடிவ ஆய்வில் பெயர்பெற்ற விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன் வளர்த்த இடம் அது, புரத வடிவ ஆய்வில் நம் ஊரில் அதற்கு மேல் பெயர் கிடையாது. பட்டப்படிப்புக்குப் பிறகு எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வை எழுதி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கும் (ஐஐஎஸ்சி) முயலலாம்.

வருமானம்? எம்.எஸ்சிக்குப் பின் எழுதும் நெட் தேர்வில் தேறி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் பிஎச்.டி முடிய முப்பதை நெருங்கிவிடும், அதற்குள் கல்யாணப் பேச்சை எடுக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள். மருந்து ஆராய்ச்சியிலும் இடம் உண்டு. டிஆர்பிவி1-ஐ அடைக்கும் மருந்துகள் உடல் சூட்டை ஏற்றிவிட்டுச் சறுக்கின, ஆனால் சோடியம் வாசல் ஒன்றை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற வலி மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் எந்த குரூப், கணக்கு எடுத்திருந்தால் எவ்வளவு மார்க் என்று எழுதுங்கள். மூன்றாவது நீட்டைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.