கைப்பக்குவம் என்றொரு சாக்கு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, திட்டமிட்டு எழுதியவை போல, திருநெல்வேலிச் சீமையின் வீட்டுச் சமையலைப் பற்றியே அமைந்துவிட்டன. ஆகவே கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் ஆச்சி பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர். நான் பெரியவளானபோது காலையில் வெறும் வயிற்றில் உளுந்தங்களியை உருட்டி, நடுவில் குழித்து, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார். இன்று பெங்களூரில் என் மகளுக்கு அதைச் செய்தால் கட்டி தட்டுகிறது. கட்டி தட்டாத நாளிலும் அந்த மணம் வருவதில்லை. ஆச்சியின் கைப்பக்குவம் எனக்கு வாய்க்கவே வாய்க்காதா? (ஒரு வாசகி, பெங்களூர்)

பதில்: கைப்பக்குவம் மதிப்புள்ள சொல்தான். ஆனால், கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதற்கு அதையே சாக்காகச் சொல்லும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. உங்கள் ஆச்சியின் கையில் இருந்தவற்றுள் பெரும்பகுதி, அவர் எந்தப் பொருளை வாங்கினார், எந்தப் பதத்தில் அடுப்பை அணைத்தார் என்பவற்றுக்குள் அடங்கிவிடும். அவை இரண்டையும் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில் மணம். நீங்கள் இட்லிக்கு வாங்கும் தோல் நீக்கிய வெள்ளை உளுந்தைத்தான் களிக்கும் அரைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். களியின் மணத்தில் பாதி உளுந்தின் கறுப்புத் தோலில் இருக்கிறது. தோலோடு கூடிய முழுக் கறுப்பு உளுந்தைச் சிறு தீயில், கைவிடாமல், வாசனை எழும்வரை வறுத்து, நான்கு பங்கு உளுந்துக்கு ஒரு பங்கு பச்சரிசி சேர்த்து மாவாகத் திரித்துக்கொள்ளுங்கள். உளுந்து மட்டும் இருந்தால் களி வழுவழுவென்று நாக்கில் ஒட்டும். உருண்டைக்குப் பிடிமானம் தருவது அந்த ஒரு பங்கு அரிசிதான். மணத்தின் மறு பாதி கருப்பட்டியில் இருக்கிறது. சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் ஏராளமாகக் கிடைப்பதால், ஊருக்குப் போகிறவர்களிடம் உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைச் சொல்லி வாங்கிவரச் செய்வது நல்லது. பதநீர் இறங்கும் கோடை மாதங்களில் வாங்கி, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த பருவம் வரைக்கும் வரும்.

அடுத்தது கட்டி. கொதிக்கும் பாகில் மாவைக் கொட்டினால், மாவுத் துளியின் வெளிப்புறம் சூடு பட்டவுடன் வெந்து பசையாகி உறை போல மூடிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே செல்ல வழியின்றி நடுவில் பச்சை மாவு அப்படியே நின்றுவிடும். கை தேர்ந்தவர்கள் கொதிநீரிலேயே மாவைத் தூவி வேகமாகக் கிளறிச் சமாளிப்பார்கள். நமக்கு அந்த வீரம் தேவையில்லை. ஒரு கிண்ணம் மாவுக்கு ஒன்றேகால் கிண்ணம் பொடித்த கருப்பட்டியும் மூன்று கிண்ணம் தண்ணீரும் எடுத்து, கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, முழுவதும் ஆறவிடுங்கள். ஆறிய கருப்பட்டித் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடிகனமான உருளியில் ஊற்றி அடுப்பேற்றுங்கள். சிறு தீயில் மரத்துடுப்பால் கிளறிக்கொண்டே, அரைக் கிண்ணம் நல்லெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவர, களி சுருண்டு, எண்ணெயை ஓரத்தில் கக்கத் தொடங்கும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும். அதற்கு முன் இறக்கினால் பச்சை வாடை போகாது. எண்ணெயைக் குறைத்துச் செய்யலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள். குறைத்துச் செய்தால் அது வேறு பண்டம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கருப்பட்டி சேர்த்த களி என்பதால் தயங்காமல் சாப்பிடலாம் என்கிறார் என் மதினி. (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: மதினியின் அன்பு பெரிது, ஆனால் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையே. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். அடுத்த பதிலில் வரும் சோறு இனிப்பில்லாதது. அளவோடு உண்ண உங்களுக்கு அது பொருந்தலாம், அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மறைந்த என் மாமியாரின் பழைய நோட்டில் உளுந்தஞ்சோற்றுக்கு “உழக்கு அரிசிக்கு ஆழாக்கு உளுந்து” என்று எழுதியிருக்கிறது. உழக்கு என்பது எத்தனை மில்லி லிட்டர்? அந்தச் சோற்றைச் செய்தாலும், கறுப்பாக இருக்கிறது என்று என் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: மில்லி லிட்டரைத் தேட வேண்டாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்பது பழைய கணக்கு. நாழியைத்தான் பல ஊர்களில் படி என்றார்கள். அந்தப் படியோ ஊருக்கு ஊர் பெரிதாகவும் சிறிதாகவும் இருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவந்த பிறகும், நம் வீட்டுப் பெண்கள் ஆழாக்கைத் தூக்கி எறியாமல் அரிசிப் பானைக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். ஆழாக்கின் கொள்ளளவு அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை; ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளப்பதே கணக்கு. உங்கள் மாமியார் எழுதியது இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதம், அவ்வளவுதான். எந்த டம்ளரால் அளந்தாலும் அது சரியாகவே வரும்.

நோட்டில் எழுதாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லாருக்கும் தெரிந்தது என்று அவர் கருதியவை அங்கே இடம்பெற்றிருக்காது. தோலோடு உடைத்த உளுந்தை லேசாக வறுத்துக்கொள்ள வேண்டும். புழுங்கலரிசி, உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம், சீரகம், உரித்த பூண்டு பத்துப் பன்னிரண்டு பல், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து, அரிசியும் உளுந்தும் சேர்ந்த அளவுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் குழையாமல் வேகவைப்பார்கள். சூட்டோடு நல்லெண்ணெய் விட்டு, எள்ளுத் துவையலோடு உண்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு யோசனை. பாரம்பரியம், இடுப்புக்குப் பலம் என்றெல்லாம் விளக்கவுரை சொல்லிப் பரிமாறாதீர்கள். மருந்து என்று சொல்லி வைத்த தட்டை எந்தப் பிள்ளை விரும்பும்? அசைவம் சமைக்கும் வீடாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைக்கும் நாளில் வெறும் சோற்றுக்குப் பதிலாக இதைச் செய்து, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வையுங்கள். தெற்கே பல வீடுகளில் அப்படி உண்பது வழக்கம்தான். குழம்பில் பிசைந்தபின் கறுப்பு நிறம் ஒரு வழக்காக எழுவதில்லை.

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி, என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். சொதி எங்களுடையது என்று அவரும், எங்களுடையது என்று நானும் இருபது ஆண்டுகளாக வாதிட்டுவருகிறோம். தீர்ப்புச் சொல்லுங்கள். கூடவே, எனக்குச் சில நாள்களில் சொதி திரிந்துபோவது ஏன் என்றும் சொல்லுங்கள். (ஒரு வாசகி, சென்னை)

பதில்: இருபது ஆண்டு வழக்கில் நீதிபதியாக உட்கார நான் துணிய மாட்டேன். பெயர் ஒன்றாயினும் பண்டங்கள் இரண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் கணவர் வீட்டுச் சொதி, வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் சேர்த்து, சிலவேளை மீனும் இட்டு, தேங்காய்ப்பாலில் நீர்க்க வைப்பது. இடியப்பத்தின்மீதும் புட்டின்மீதும் ஊற்றிக் குழைத்து, அன்றாடம் உண்பது. உங்கள் வீட்டுச் சொதியோ முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், வேகவைத்த பாசிப்பருப்பு என்று பலவும் சேர்ந்து கெட்டியாக வருவது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் மறுவீட்டு விருந்தில் சோற்றோடு பரிமாறுவது. தேங்காய்ப்பாலின் கனத்துக்கு ஈடாகப் பக்கத்தில் இஞ்சித் துவையல் இருந்தே ஆக வேண்டும். ஒரு ஞாயிறு அவர் செய்யட்டும், மறு ஞாயிறு நீங்கள் செய்யுங்கள். வழக்கு முடியாவிட்டாலும் இருவருக்கும் நல்ல சாப்பாடு கிடைக்கும்.

திரிவதற்குக் காரணம் சூடும் புளிப்பும். காய்களை இரண்டாம், மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும். முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியவுடன், கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது ஒருபோதும் பிழியக் கூடாது. இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் பிழியுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் செய்யும் கூட்டாஞ்சோறு இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நோட்டும் இல்லை, நான் ஒருநாளும் அடுப்படியில் நின்று பார்த்ததும் இல்லை. இனி அதை மீட்க முடியுமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: ஓரளவுக்கு முடியும். முதலில் பொதுவான கூட்டாஞ்சோற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். அரிசியும் துவரம்பருப்பும் முக்கால் வேக்காடு வந்ததும் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய்த் துண்டு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சேர்த்து, தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், மஞ்சள் ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்த விழுதையும் சிறிது புளிக்கரைசலையும் விட்டு, எல்லாம் சேர்ந்து வெந்தபின், வடகம் தாளித்துக் கொட்டுவார்கள். தொட்டுக்கொள்ள அப்பளம் அல்லது கூழ்வற்றல்.

இதைச் செய்து உண்ணும்போது, இது அம்மாவுடையது அன்று என்று உங்கள் நாக்கே சொல்லும்; எந்த இடத்தில் அன்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புளி மிகுதியா, கீரை குறைவா, அவர் பருப்பைக் கூடுதலாகக் குழையவிடுவாரா? அந்தக் குறிப்போடு உங்கள் அக்காளையோ சித்தியையோ அழைத்துக் கேளுங்கள். “அம்மா கூட்டாஞ்சோறு எப்படிச் செய்வாள்?” என்று மொட்டையாகக் கேட்டால், “எல்லாரும் செய்வது போலத்தான்” என்ற விடைதான் வரும். “மாங்காய் இல்லாத மாதங்களில் என்ன போடுவாள்? வடகத்தை எந்த எண்ணெயில் பொரிப்பாள்? அரைப்பது அம்மியிலா, மிக்ஸியிலா?” என்று துருவிக் கேட்டால் ஒவ்வொன்றாக வெளிவரும். அவர் சமைத்த பாத்திரம் யாரிடம் இருக்கிறது என்றும் விசாரியுங்கள். கனமான வெண்கலப் பானையில் வேகும் சோறு அடியில் மெல்லக் காந்தி, அந்த வாசனை மேலேயும் ஏறும். குக்கரில் அது நடப்பதில்லை. அந்தக் காந்தலைச் சுரண்டி அம்மா யாருடைய தட்டில் வைப்பார் என்பதையும் அக்காளிடம் கேட்டுவிட்டு, எனக்கு எழுதுங்கள்.