காதுக்குத் தெரிந்தது வாய்க்கு வரட்டும்

கேள்வி: நான் இசைக் கல்வியியல் துறையில் விரிவுரையாளராக இருக்கிறேன். இறுதியாண்டில் 14 மாணவர்கள். இசை ஆசிரியர் சான்றிதழ்த் தேர்வுக்கு இன்னும் 6 மாதங்கள் இருக்கின்றன. இசைக்கோட்பாடு, ஒலிப்பதிவைக் கேட்டுப் பிழை சொல்லுதல், இசை வரலாறு, கற்பித்தல் முறை என்று எல்லாவற்றிலும் கேள்விகள் வரும். மேடையில் அருமையாகப் பாடுகிறவர்கள் இந்தத் தேர்வில் தடுமாறுகிறார்கள். சென்ற ஆண்டு படிப்பை முடித்த, எல்லோரிலும் சிறந்த பாடகியான மாணவி இரண்டு முறை தோற்று, இனி எழுதப்போவதில்லை என்கிறார். கற்பித்தல் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழக்கலாம் என்று துறையில் பேசுகிறார்கள். செய்யலாமா? ஒரு பாட்டுக்காரியை இப்படிப்பட்ட தேர்வு எடைபோட முடியுமா என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்யாதீர்கள். கற்பித்தல் பயிற்சியில் ஒரு மணி நேரத்தைக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். துறைக் கூட்டத்தில் இதற்காக வாதாட வேண்டியிருந்தால் வாதாடுங்கள்.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் துறையினர் யோசிப்பதை நான் செய்து பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மூன்று மாதம் என் மாணவர்களை வகுப்பறைப் பக்கமே அனுப்பாமல் வினாத்தாள்களோடு உட்கார வைத்தேன். விடைகள் தலைகீழ்ப் பாடமாயின. அந்த ஆண்டுத் தாளில் கேள்விகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தார்கள். பாதிப் பேர் தோற்றார்கள். அவர்களில் ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. தம்புராவில் பஞ்சமம் மயிரிழை இறங்கினாலும் அவள் முகம் மாறிவிடும். ஆனால் நான்கு குரல் சேர்ந்து பாடும் ஒலிப்பதிவைப் போட்டு, எங்கே பிழை என்று கேட்டால், “ஏதோ சரியில்லை மேடம்” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. காது பிடித்துவிட்டது, வாய்க்கு அது வந்து சேரவில்லை. தேர்வில் மதிப்பெண் கிடைப்பதோ அந்தச் சொல்லுக்குத்தான். உங்கள் மாணவிக்கும் இதுவே குறை என்று ஊகிக்கிறேன்.

ஊகத்தை நம்பி ஆறு மாதத்தைச் செலவழிக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே மாதிரித் தாள் ஒன்றை முழுதாக, கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். தேர்வு நடத்துபவர்கள் வெளியிட்டிருக்கும் பாடத்திட்டத்தையும், எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற விவரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொரு விடையின் அருகிலும் காரணத்தை மாணவரையே எழுதவையுங்கள். விஷயமே தெரியவில்லையா, தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லையா, கேள்வியைத் தப்பாகப் படித்தாரா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இரண்டாவது வகைக்காரரிடம் இன்னொரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோதோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் வகுப்புகள் உங்கள் துறையில் இருந்தால், நேரத்தை அங்கிருந்து எடுங்கள்.

இப்போது கேட்டுப் பிழை சொல்லும் பகுதி. நல்ல பாடகர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான் என்பது என் அனுபவம். அவர்கள் இசையை ரசிக்கக் கேட்டுப் பழகியவர்கள். ஆசிரியர் வேறு மாதிரி கேட்க வேண்டும்: எது வரவேண்டுமோ அது முதலில் தன் மனத்துக்குள் ஒலிக்க வேண்டும், வருவதை அதோடு ஒப்பிட வேண்டும். வெளியில் ஓசை இல்லாமலே இசையை உள்ளுக்குள் கேட்டுப் பொருள் உணர்வதற்கு எட்வின் கார்டன் என்ற அமெரிக்க இசைக் கல்வியாளர் ‘ஆடியேஷன்’ என்று பெயரிட்டார். ஆகவே ஒலிப்பதிவு தொடங்குமுன் கிடைக்கும் சில நொடிகளில் பேனாவை உருட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கீ சிக்னேச்சர் (எந்த ஸ்வரங்கள் அரை ஏறியோ இறங்கியோ வரும் என்ற குறி), தாளக் குறி, எந்தக் குரல் எங்கே நுழைகிறது என்பதைப் பார்த்துவிட்டு, முதல் வரியை மனத்துக்குள் பாடிவிட வேண்டும். முதல் முறை கேட்கும்போது எந்த இடம் உறுத்துகிறது என்று மட்டும் குறிக்கட்டும். அது என்ன பிழை என்று இரண்டாம் முறை கேட்கும்போது முடிவு செய்யலாம்.

இதற்கான பயிற்சியை நீங்கள் தயாரித்துக் கொடுக்காதீர்கள், மாணவர்களே தயாரிக்கட்டும். ஒவ்வொருவரும் எட்டு பார் (இசைக்குறிப்பில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அளவு) நீளமுள்ள ஒரு வரியை எடுத்து, அதில் ஒரே ஒரு பிழையை வேண்டுமென்றே நுழைத்துப் பாடியோ வாசித்தோ செல்பேசியில் பதிவு செய்து வரட்டும். ஒரு வாரம் ஸ்வரப் பிழை, அடுத்த வாரம் கால அளவுப் பிழை, பிறகு சுருதி விலகல், ஓசையின் ஏற்ற இறக்கம், ஒரு குரல் மற்றொன்றை அமுக்கிவிடுவது என்று போகலாம். ஒற்றை வரி பழகியதும் இரண்டு குரல், பிறகு நான்கு. நம்பும்படியாக ஒரு பிழையைச் செய்வது எளிதில்லை. மாணவர்கள் எப்படித் தப்புவார்கள், ஏன் அந்த இடத்தில் தப்புவார்கள் என்று யோசித்தாக வேண்டும். அப்படி யோசித்தவர் அந்த வகைப் பிழையை அதன்பின் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்கிறார்.

விடையை ஒரே ஒழுங்கில் சொல்லப் பழக்குங்கள்: எத்தனையாவது பார், எந்தக் குரல், என்ன நடந்தது, அதைத் திருத்த என்ன செய்வேன். ‘அபஸ்வரம் விழுந்தது’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ‘ஆறாவது பாரில் ஆல்டோ (தாழ்ந்த பெண் குரல்) மேலே தாவும்போது போதுமான அளவு ஏறவில்லை; அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் தனியே, மெதுவாகப் பாடவைப்பேன்’ என்று வரும்வரை விடாதீர்கள். ‘தாளம் போய்விட்டது’ என்றாலும் அப்படியே. காலப்பிரமாணம், அதாவது வேகம், ஓடியதா, இழுத்ததா, அல்லது புள்ளியிட்ட, ஒன்றரை மடங்கு நீள வேண்டிய ஸ்வரத்தை முழு அளவுக்கு நிறுத்தாமல் அடுத்ததற்குப் போய்விட்டார்களா?

கோட்பாட்டில் மாணவர்களை அழவைப்பது இடமாற்றுக் கருவிகள்: தாளில் எழுதியிருப்பது ஒரு ஸ்வரம், ஒலிப்பது வேறொன்று. பி ஃப்ளாட் கிளாரினெட், எஃப் ஹார்ன், இ ஃப்ளாட் ஆல்டோ சாக்ஸஃபோன் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வறையில் மேலா கீழா என்று குழம்புகிறார்கள். நம் முறையில் பாடிப் பழகியவர்களுக்கு இது உண்மையில் பழைய சரக்கு. ஸட்ஜம் எந்தச் சுருதியிலும் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதானே? கிளாரினெட்காரர் தாளில் ‘ஸி’ என்று படித்து ஊதும்போது நம் காதில் விழுவது ‘ஸி’யான ஒரு கட்டை இல்லை, அதற்குக் கீழே இருக்கும் ஆறரைக் கட்டை, அதாவது பி ஃப்ளாட். ஆகவே ஒரு கட்டை ஒலிக்க வேண்டுமானால் அவருக்கு இரண்டு கட்டையின் ஸ்வரமான ‘டி’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஹார்ன் ‘ஸி’ படித்தால் கீழே உள்ள நாலு கட்டை, அதாவது எஃப், ஒலிக்கும். இப்படி ஒருமுறை கீபோர்டில் தேடிப்பிடித்தவர்கள் அட்டவணையைத் தாங்களே எழுதிவிடுகிறார்கள். கருவி வாசிக்கும் மாணவர் யாராவது இருந்தால் ஒரு மணி நேரம் வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணெதிரே கேட்டது எளிதில் மறக்காது.

வரலாற்றுக்கு நான் நிறைய நேரம் ஒதுக்கமாட்டேன். சுவரில் ஒரு நீண்ட காலக்கோடு, தினமும் பெயர் சொல்லாமல் இரண்டு நிமிட இசை, ‘எந்தக் காலம், காதில் விழுந்த மூன்று காரணம் சொல்’ என்ற ஒரே கேள்வி. மேற்கத்திய இசையின் பரோக் காலம் ஏறத்தாழ 1600இலிருந்து இசையமைப்பாளர் பாக் மறைந்த 1750 வரை என்ற ஆணியை அடித்துவிட்டால், மற்றவற்றை அதன் இருபுறமும் மாட்டிக்கொள்ளலாம்.

கற்பித்தல் முறைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. இசை கற்பிக்கும் வழிகளை வகுத்த கோடாய், டால்குரோஸ், ஓர்ஃப், சுசுகி என்ற நான்கு பெயர்களையும் மாணவர்கள் கலந்துகட்டிக் குழப்புவார்கள். கோடாய் வழியில் குரலும் நாட்டுப் பாடலும் ஸ்வரம் பாடுதலும் முதலில் வரும். அதன் கைச் சைகைகளை அவரே உருவாக்கினார் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அவை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கர்வென் வகுத்தவை, கோடாய் வழியில் பின்னர் சேர்ந்தவை. டால்குரோஸ் லயத்தை உடலசைவின் வழியே ஊட்டினார். சுசுகி, குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பேசுவதுபோல இசையும் வரட்டும் என்றார். பெற்றோர் பக்கத்தில் இருப்பார்கள், இசைக்குறிப்பைப் படிப்பது பிறகுதான். ஓர்ஃப் வகுப்பில் பேச்சு, அசைவு, திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்கள், எடுத்து மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட சைலஃபோன். ஸி மேஜர் வரிசையிலிருந்து எஃப், பி சட்டங்களைக் கழற்றிவிட்டுக் குழந்தையை வாசிக்க விடுவார்கள். மத்யமமும் நிஷாதமும் போனால் மிஞ்சுவது என்ன? நம் மோகன ராகத்தின் ஸ்வரங்கள்தான். அரைஸ்வர உரசலே இல்லாததால் எதை எதனோடு சேர்த்துத் தட்டினாலும் காதுக்கு இதமாக இருக்கிறது, குழந்தைக்குப் பயம் போய்விடுகிறது. இந்தக் காரணம் தெரிந்தவர் ஓர்ஃபை ஏன் வேறொருவரோடு குழப்பப்போகிறார்?

இவற்றை ஏட்டில் படிக்கவைக்காதீர்கள். ஒரே எட்டு பார் பாடலை நான்கு மாணவர்கள் நான்கு வழியில், உண்மையான குழந்தைகளுக்குக் கற்பிக்கட்டும். மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். அன்று மாலையே பதினைந்து நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதவேண்டும்: வகுப்பில் என்ன கேட்டேன், அடுத்து என்ன செய்வேன், அது பலித்தது என்று எதைக் கொண்டு தெரிந்துகொள்வேன். விரிவாக விடை எழுதச் சொல்லும் கேள்விகள் கேட்பது இந்த மூன்றைத்தான். என் மாணவர் ஒருவர் தேர்வு எழுதியபோது, பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது சுருதி தொடர்ந்து இறங்குகிறது, என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. புத்தகம் மட்டும் படித்தவர்கள் மூச்சுப் பயிற்சி என்று எழுதினார்கள். அவர் ஆண் குரலில் தனக்கு வசதியான சுருதியில் பாடிக்காட்டி, குழந்தைகள் அடித்தொண்டையில் முனகியதை இரண்டு வாரம் முன்புதான் வகுப்பில் பார்த்திருந்தார். முதலில் சுருதியை ஏற்றிப் பிடிப்பேன், ஒரு குழந்தையைப் பாடச்சொல்லி மற்றவர்களைக் கேட்கவைப்பேன், அதற்குப் பிறகே மூச்சைக் கவனிப்பேன் என்று எழுதினார். பயிற்சி நேரத்தை நான் குறைத்திருந்தால் அந்த விடை அவரிடம் இருந்திருக்காது.

இந்தத் தேர்வு ஒரு பாட்டுக்காரியை எடைபோடுமா என்று கேட்டீர்கள். போடாது. அவளுடைய கற்பனையையோ, ஒரு குழந்தை அவளைப் பார்த்ததும் பாட ஆசைப்படுவதையோ எந்த வினாத்தாளாலும் அளக்க முடியாது. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் பிழையைப் பெயர் சொல்லிக் காட்டத் தெரிய வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். ‘ஏதோ சரியில்லை’ என்று டீச்சர் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தன் குரலே சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிவிடும். அப்படி வாயை மூடியவர்களை வளர்ந்த பிறகு நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

அந்த மாணவியை நீங்களே நேரில் அழையுங்கள். அடுத்த தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம். முதலாண்டு மாணவர்களுக்குக் கேட்டுப் பிழை சொல்லும் பயிற்சி நடத்த ஒரு ஆள் வேண்டும், வாரம் இரண்டு நாள் வரமுடியுமா என்று கேளுங்கள். பிழையுள்ள பதிவுகளை அவரே தயாரிக்கட்டும், விடைகளை அவரே விளக்கட்டும். என் அந்தப் பெண்ணுக்கு நான் தற்செயலாகச் செய்தது இதுதான். முதல் இரண்டு வாரம் சொல் தேடித் தவித்தாள். மூன்றாம் வாரம் ஒரு சிறுவன் பாடிக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினாள். “நாலாவது பாரில் காந்தாரத்துக்குப் போகும் முன்னே அவசரப்படுகிறாய். ரிஷபத்தில் முழுசாக நின்று விட்டுப் போ” என்றாள். சிறுவன் நின்று போனான், சரியாக வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அன்புடன்.