பப்மெட் தேடத் தெரிந்த பிள்ளைக்கு வேலை இருக்கிறது

அம்மா, நேற்று நீங்கள் சொன்னது எல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் பெண் ரெண்டு தடவை நீட் எழுதியும் சீட் இல்லை, வீட்டை அடமானம் வைத்தாவது மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்க்கலாம் என்கிறார் உங்கள் அண்ணன், அவள் அழுகிறாள். கஷ்டம்தான். ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். டாக்டர் ஆகணும் என்று நேற்று ஒரு மணி நேரத்தில் உறவுக்காரர்கள் பெயரால் நீங்கள் பத்து தடவை சொன்னீர்கள், அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நீங்கள் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பாட்டிக்குக் கால் மரத்துப்போவதற்கும் அவர் சாப்பிடும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டாள். என் கம்ப்யூட்டரில் பப்மெட்டைத் திறந்துகொடுத்தேன். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளம், காசு கிடையாது, மூன்றரைக் கோடிக்கும் மேல் ஆய்வுக் குறிப்புகள். 2020-ல் அதன் முகப்பையே மாற்றிவிட்டதால் பழகிய டாக்டர்களே கொஞ்சம் தடுமாறினார்கள். அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அது குறைந்தால் கால் மரத்துப்போகலாம். அதனால் இவள் மருந்தின் பெயரையும் பி12 குறைபாட்டையும் அடித்தாள், பக்கம் பக்கமாக வந்தது. குறைபாட்டின் பெயரை மேற்கோள்குறிக்குள் போட்டதும் பட்டியல் சுருங்கியது. "ஏன் சார் குறைஞ்சுது?" என்றாள். அந்தக் கேள்வியை எம்.டி. படிப்பவர்களிலேயே பலர் கேட்பதில்லை.

மேற்கோள்குறி இல்லாவிட்டால் நாம் அடிக்கும் சொல்லை பப்மெட் தானாகவே 'மெஷ்' என்ற தன் சொல்தொகுதியோடு பொருத்தி, ஒத்த சொற்களையும் சேர்த்துத் தேடும். போட்டால் அந்தப் பொருத்தம் நின்றுவிடும். அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால், நாம் கேட்டதை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று வரிவரியாகக் காட்டும். அதைக் காட்டியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மெஷ் சொல்லை மட்டும் நம்பினால் இன்னும் வகைப்படுத்தப்படாத புதுக் கட்டுரைகள் தப்பிவிடும், அதனால் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களை 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) போட்டுச் சேர்க்கணும். ஒரு தடவை போட்ட ஃபில்டர் அடுத்த தேடலிலும் ஒட்டிக்கொண்டே வரும், அழிக்க மறந்தால் பாதிக் கட்டுரை காணாமல் போகும். வரிசையும் முதலில் 'பெஸ்ட் மேட்ச்' முறையில்தான் இருக்கும், புதியது வேண்டுமென்றால் நாம்தான் மாற்றணும்.

இப்படித் தேடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் அம்மா. ஐரோப்பாவில் மருந்து விற்கும் கம்பெனிகள் பக்கவிளைவுச் செய்திகளுக்காக வாரம் ஒருமுறையாவது ஆய்விதழ்களைத் தேடியே ஆகணும் என்று விதி இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் அந்த வேலை நடக்கிறது. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியோ பி.ஃபார்மோ படித்தால் போதும். நூலக அறிவியலில் மேற்படிப்பும் சேர்த்தால் மருத்துவக் கல்லூரி நூலகம், ஆய்வுக் குழு என்று கதவு திறக்கும். தொடக்கச் சம்பளம் டாக்டருக்கு வருவது போல வராது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இல்லாமல் வரும்.

அண்ணன் சீட்டுக்காகக் கட்டச் சொல்லும் முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். பாட்டி விஷயத்தில் கிடைத்த கட்டுரைகளை டாக்டரிடம் காட்டி, பி12 பரிசோதனை வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பதோடு சனிக்கிழமை அவளை அழைத்து வாருங்கள், அன்றைக்கு அவள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.